கற்றளி என்றால் என்ன? செம்பியன் மாதேவியின் சுவர்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் சாலையில் எஸ்.புதூரில் பிரிந்து உள்ளே போனால் கோனேரிராஜபுரம் வரும். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் திருநல்லம். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெரிய நடராசரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். முதல் தடவை நானும் அதற்காகத்தான் போனேன். தரிசனம் முடிந்து கருவறையைச் சுற்றி வரும்போது தெற்குச் சுவரில் ஒரு சின்னச் சிற்பம் கண்ணில் பட்டது. லிங்கத்துக்கு முன்னால் ஒருவர் கைகூப்பி அமர்ந்திருக்கிறார். அதையொட்டி ஒரு கல்வெட்டு. அந்தக் கல்வெட்டின் கடைசிச் சொல் "இவர்" என்று உடன் வந்த நண்பர் சொன்னார். புகைப்படத்துக்குக் கீழே பெயர் எழுதி விரலால் சுட்டிக் காட்டுவது போல, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் சிற்பத்தைக் காட்டி "கண்டராதித்த தேவர் இவர்" என்று வெட்டி வைத்திருக்கிறார்.

வெட்டச் சொன்னது ஒரு பெண். கண்டராதித்த சோழரின் மனைவி, செம்பியன் மாதேவி. அதே கல்வெட்டில் இன்னொரு சொல்லும் வருகிறது: திருக்கற்றளி. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. கற்றளி என்றால் என்னவென்று புரிந்துகொண்டால் காவிரிக் கரை ஊர்களின் முகத்தை இந்த அம்மையார் எப்படி மாற்றினார் என்பதும் புரிந்துவிடும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தளி என்றால் கோயில். இன்று பேச்சில் இந்தச் சொல் இல்லை, ஆனால் ஊர்ப் பெயர்களிலும் கோயில் பெயர்களிலும் உயிரோடு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் மேற்றளி, ஓணகாந்தன்தளி. கும்பகோணம் பக்கம் பழையாறை வடதளி. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவது போல, கல்லும் தளியும் சேர்ந்தால் கற்றளி. கல்லால் கட்டிய கோயில், அவ்வளவுதான் பொருள்.

அவ்வளவுதான் என்று சொன்னாலும், புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புகிற ஓர் இடம் உண்டு. மலையைக் குடைந்து உள்ளே செய்வது குடைவரை. ஒரு பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக் கோயில் வடிவமாக்கினால் அது ஒற்றைக்கல் கோயில், மாமல்லபுரத்து ரதங்கள் மாதிரி. இரண்டும் கல்தான், ஆனால் இரண்டிலும் எதையும் அடுக்கிக் கட்டவில்லை. கற்றளி என்பது கல்லை வெட்டி எடுத்து, கொண்டு வந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுப்புவது. மாமல்லபுரத்திலேயே கடற்கரைக் கோயில் அப்படிப்பட்டது.

சரி, கல்லால் கட்டினதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? கோயில் என்றால் கல்தானே என்று இன்று நமக்குத் தோன்றும். அந்தக் காலத்தில் அப்படி இல்லை. கோயில் என்றால் செங்கல், சுண்ணாம்பு, மரம். அதுதான் வழக்கம். கல் என்பதுதான் புதுமை, அதனால்தான் அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைச் செய்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்தேன் என்று வடமொழியில் எழுதி வைத்தான். அவன் "இல்லாமல்" என்று அடுக்கும் நான்கும்தான் அதுவரை கோயில் கட்டப் பயன்பட்ட பொருள்கள். 2004இல் சுனாமி வந்து போனபின் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் அகழ்ந்தபோது ஒரு முருகன் கோயில் வெளிப்பட்டது. அங்கே பல்லவர் காலக் கல் கட்டுமானத்துக்குக் கீழே அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருந்தது. ஒரே இடத்தில் கீழே செங்கல், மேலே கல். கதை முழுக்க அந்த மண்ணடுக்கிலேயே இருக்கிறது.

காவிரிப் படுகையில் செங்கல்லுக்குக் கூடுதல் காரணமும் உண்டு. அங்கே மலை கிடையாது, பாறை கிடையாது, தோண்டினால் வண்டல்தான். களிமண்ணைப் பிசைந்து சூளை போட்டால் செங்கல் கிடைத்துவிடும். கல் வேண்டுமென்றால் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். ஆனால் செங்கல் கோயிலை நம் ஊர் மழையும் வெயிலும் சும்மா விடாது. சுண்ணாம்புக் காரை உதிரும், ஈரம் ஏறும், பறவை போட்ட விதையில் ஆலும் அரசும் இடுக்கில் முளைத்து வேரால் சுவரைப் பிளக்கும். பழைய வீட்டுச் சுவரில் அரசங்கன்று முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிடுங்கினால் காரையும் சேர்ந்து வரும், விட்டால் சுவரே போய்விடும். தலைமுறைக்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் கோயில் மேடாகிவிடும்.

கல் எப்படி நிற்கிறது?

உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் கடப்பைக் கல் இருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடத்தி அதன் மேல் எவ்வளவு பாரம் வைத்தாலும் அசையாது. அதையே இரண்டு முனையில் செங்கல் வைத்து, நடுவில் அந்தரமாக விட்டு, மேலே ஏறி நின்றால் பட்டென்று முறிந்துவிடும். கல்லின் குணம் அது. அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. மரம் வளைந்து கொடுக்கும், கல் கொடுக்காது.

கற்றளியின் முழு அமைப்பும் இந்த ஒரு குணத்தை மதித்து நடப்பதுதான். மண்டபங்களில் ஏன் இவ்வளவு தூண் என்று குழந்தைகள் கேட்பார்கள். உத்தரக் கல்லை நீளமாகப் போட்டால் முறியும், அதனால் நெருக்கி நெருக்கித் தூண். கருவறை ஏன் அவ்வளவு சின்னதாக, இருட்டாக இருக்கிறது? பெரிதாக வைத்தால் மேலே மூட முடியாது. கருவறைக்கு மேலே விமானம் எழும்போது ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். நான்கு பக்கமும் அப்படித் தள்ளிக்கொண்டே போனால் உயரப் போகப் போக வாய் குறுகி, கடைசியில் ஒரு கல்லால் மூடிவிடலாம். கற்களுக்கு நடுவே காரை பெரும்பாலும் இருக்காது. பாரமே பசை.

கற்றளி என்றால் உச்சிவரை கல்தான் என்றும் நினைக்க வேண்டாம். பல ஊர்களில் அடியிலிருந்து கூரை விளிம்புவரை கல், அதற்கு மேலே உள்ள தளங்கள் செங்கல்லும் சுதையும். அதுவும் கற்றளிதான்.

ஒரு விமானத்துக்கு ஆறு உறுப்பு சொல்வார்கள். மனித உடம்போடு ஒப்பிட்டால் எளிதில் மறக்காது. பாதம் மாதிரி அதிட்டானம், கால் மாதிரி சுவர், தோள் மாதிரி பிரஸ்தரம், அதற்கு மேல் கழுத்து, தலையாகச் சிகரம், முடியாக ஸ்தூபி. இதில் கீழே இருக்கிற அதிட்டானத்தை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜகதி என்று ஒரு பட்டையான அடுக்கு, அதற்கு மேல் குமுதம். குமுதம் சில கோயிலில் உருண்டையாக இருக்கும், சிலதில் மூன்று பட்டையாக இருக்கும். கல்வெட்டுகள் பெரும்பாலும் இந்த ஜகதியிலும் குமுதத்திலும்தான் ஓடும். அப்புறம் சுவரில் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கூரை விளிம்பு. கொடுங்கை என்பார்கள். ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் சுவரைத் தாண்டி வளைந்து இறங்குமே, அதே வளைவைக் கல்லில் செய்திருப்பார்கள். அதில் நடுநடுவே குதிரை லாடம் போல ஒரு வளைவு, அதற்குள் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். அதன் பெயர் கூடு. மர வீட்டில் கூரைக்குக் காற்று வர வைத்த சாளரத்தின் வடிவம் அது. தூணுக்கு மேலே கை நீட்டினாற்போல நிற்கும் போதிகையும் மரத் தச்சர் வேலைதான். கல்லுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஆனால் தச்சர் கைக்குப் பழகிய வடிவத்தைக் கல் தச்சர் விடவில்லை. பழைய மரக் கோயில்கள் எல்லாம் அழிந்துவிட்டன, அவற்றின் சாயலை இந்தக் கற்களில்தான் பார்க்க முடியும்.

பேரரசரின் மருமகள்

இனி அந்த அம்மையாரைப் பற்றி. செம்பியன் மாதேவி என்பது பட்டப் பெயர், சோழ குலத்தின் பெரிய தேவி என்று பொருள். அதே பட்டம் வேறு சில அரசிகளுக்கும் உண்டு. ஆகவே கல்வெட்டில் இவரை அடையாளம் காட்டத் தனியாகச் சொல்வார்கள்: "உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த" பிராட்டியார். மகனைப் பெற்ற வயிற்றையே அடைமொழியாக்கிய அழகு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. பிறந்த வீடு மழவர் குடி. கல்வெட்டில் மழவரையர் மகளார் என்று வருவார்.

புகுந்த வீடு முதலாம் பராந்தகனின் அரண்மனை. தில்லையில் பொன் வேய்ந்த பராந்தகன். 949இல் தக்கோலப் போரில் பட்டத்து இளவரசர் இராசாதித்தர் யானை மேலேயே மாண்டதால் அடுத்த மகனான கண்டராதித்தருக்கு அரசு வந்தது. கண்டராதித்தர் சிவபக்தர். தில்லையைப் பாடிய அவருடைய பதிகம் ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. 957 வாக்கில் அவர் மறைந்தார். மகன் மதுராந்தகன் அப்போது சிறு பிள்ளை. அரசு கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்குப் போய், அவர் மகன் சுந்தர சோழருக்குப் போய், 970ஐ ஒட்டித்தான் உத்தம சோழன் என்ற பெயரில் இவர் மகனுக்கு வந்தது. 985இல் முதலாம் இராசராசன்.

இத்தனை அரசர்களின் காலத்திலும் இவர் பெயர் கல்வெட்டில் வருகிறது. மாமனார் பராந்தகன் காலத்தில், 941இல், திருச்சிக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டான் திருமலையில் விளக்குக்குக் கொடை கொடுத்த இளம் மருமகளாக ஒரு முறை. 1001இல் இராசராசனின் பெரிய பாட்டியாகத் திருவக்கரையில் ஒரு முறை. நடுவில் அறுபது வருடம். கைம்பெண்ணாக நாற்பது வருடத்துக்கு மேல். பொதுவாக இவரைப் பற்றிப் பேசும்போது பக்தி நிறைந்த மூதாட்டி என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். பக்தி இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பக்தியால் மட்டும் கல் எழும்பாது. எந்த ஊர், எந்தத் தச்சர், எவ்வளவு நிலம், யார் பூசை, யார் கணக்கு என்று அறுபது வருடம் விடாமல் பார்த்த நிர்வாகி அவர்.

இவர் கல்லாக்கிய கோயில்கள் பத்து என்று வழக்கமாகச் சொல்வார்கள். கோனேரிராஜபுரம், திருக்கோடிகாவல், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம், திருவாரூர்ப் பெரிய கோயிலுக்குள்ளேயே இருக்கும் அரநெறி, நாகப்பட்டினம் பக்கம் இவர் பெயரிலேயே அமைந்த செம்பியன் மாதேவி ஊரின் கைலாசநாதர் கோயில் எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை அப்பரும் சம்பந்தரும் பாடிய இடங்கள். அதாவது கோயில் அங்கே முன்னூறு வருடமாக ஏற்கெனவே இருந்தது. ஊரார் பழகிய சாமி, பழகிய இடம். அதை அசைக்காமல் உடம்பை மட்டும் மாற்றினார். கும்பாபிஷேகப் பத்திரிகையில் "பாலாலயம்" என்று பார்த்திருப்பீர்கள், திருப்பணி நடக்கும்போது சாமியைத் தற்காலிகமாக வைத்துப் பூசை செய்யும் இடம். பழந்தமிழில் அதற்கு இளங்கோயில் என்று பெயர். ஒரு தளியைக் கற்றளியாக்குவது என்றால் இப்படித்தான், பூசை ஒரு நாளும் நிற்காமல் செங்கல்லைப் பிரித்துக் கல்லை ஏற்றுவது.

கல்லால் கட்டிய முதல் சோழர் இவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு மலையிலிருந்து கடல்வரை காவிரியின் இரு கரையிலும் ஆதித்த சோழன் கற்கோயில்களை எழுப்பினான் என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. புள்ளமங்கையும் கும்பகோணம் நாகேசுவரர் கோயிலும் இவருக்கு முந்தியவை, அழகில் இன்றும் அவற்றை மிஞ்ச ஆள் இல்லை. இவர் செய்த மாற்றம் வேறு மாதிரி.

முன்பெல்லாம் கருவறைச் சுவரில் மூன்று மாடம் இருக்கும். கோட்டம் அல்லது தேவகோட்டம் என்று அதற்குப் பெயர். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவரோ வேறு ஒரு மூர்த்தியோ, வடக்கே பிரம்மா. முன்னால் உள்ள அர்த்தமண்டபத்தில் பிள்ளையாரும் துர்க்கையும். ஆக ஐந்து. செம்பியன் மாதேவியின் கோயில்களில் அர்த்தமண்டபச் சுவர் நீள்கிறது, கோட்டங்கள் கூடுகின்றன. அகத்தியர் வருகிறார், பிச்சாடனர் வருகிறார், அர்த்தநாரி வருகிறார். முக்கியமாக, தெற்குச் சுவரில் ஆடவல்லான், நடராசர், தனக்கென்று ஒரு நிலையான இடம் பிடிக்கிறார். தில்லைக் கூத்தனைக் கணவர் பாட்டில் வைத்தார், மனைவி சுவரில் வைத்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்று சோழர் என்றதும் உலகம் முழுக்க நடராசர் நினைவுக்கு வருகிறார் என்றால் அதில் இந்தச் சுவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நீங்கள் அடுத்த முறை தஞ்சை வட்டாரத்தில் ஏதாவது கோயிலுக்குப் போகும்போது அர்த்தமண்டபத்தின் தெற்குச் சுவரைப் பாருங்கள். பிள்ளையாருக்கு அருகே நடராசர் இருந்தால் அந்தக் கோயில் இவர் காலமாகவோ பின்னதாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

சாவா மூவாப் பேராடு

கற்றளியைப் பற்றிப் பேசும்போது உறுதி, அழகு என்று நிறுத்திவிடுவார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது ஒன்று. செங்கல் சுவரில் நிலைக்கும்படி எழுத முடியாது. கல் சுவரில் எழுதலாம்.

எதை எழுதினார்கள் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒருவர் கோயிலில் அணையாமல் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நந்தா விளக்கு. பணத்தைக் கையில் கொடுத்தால் தீர்ந்துவிடும். அதனால் ஆடு கொடுப்பார். தொண்ணூறு ஆடு, அல்லது தொண்ணூற்றாறு. ஆட்டை ஓர் இடையர் பொறுப்பேற்பார். நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும், அது அவர் கடமை. ஆடு செத்தால்? குட்டி வளரும், மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் கல்வெட்டில் அந்த ஆடுகளுக்கு ஒரு பெயர்: "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு. தனி ஆடு சாகும், கணக்கில் உள்ள ஆடு சாகாது. வங்கியில் முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்கிறோமே, அதேதான்.

இந்த ஏற்பாடு எத்தனை காலம் ஓடும்? எழுத்து இருக்கிறவரை ஓடும். யார் கொடுத்தது, எத்தனை ஆடு, எவ்வளவு நெய், யார் சாட்சி என்ற எழுத்து போய்விட்டால் இடையரின் பேரன் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல, விளக்கு அணைந்துவிடும். ஆக, கல்வெட்டு ஒரு பத்திரம். கற்றளியின் சுவர், ஊருக்கே பொதுவான பத்திரப் பதிவு அலுவலகம்.

இப்போது திருக்கோடிகாவலுக்கு வருவோம். காவிரியின் வடகரையில் உள்ள ஊர். செங்கல் தளியாக இருந்த அந்தக் கோயிலை இவர் கல்லால் எடுத்தார். வேலை நடக்கும்போது பழைய கொடைகளைப் பொறித்த துண்டுக் கற்கள் அங்கே தனித்தனியாகக் கிடந்தன. பல்லவர் காலத்துக் கொடை, பாண்டியர் காலத்துக் கொடை, பழைய சோழர் காலத்துக் கொடை என்று கலந்து கிடந்தவை. அவற்றை அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பல்லவனும் பாண்டியனும் சோழருக்கு வேண்டியவர்களும் இல்லை. இவர் என்ன செய்தார் என்றால், ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லி, புதிய சுவரில் மறுபடி வெட்டச் சொன்னார். இருபதுக்கும் மேற்பட்ட பழைய எழுத்துகள் அப்படிப் படியெடுக்கப்பட்டன. படியெடுத்தது என்று தெரியும்படி ஒரு குறிப்பும் சேர்த்தார்கள்: "இதுவும் ஒரு பழங்கற்படி". பழைய கல்லின் நகல் இது என்று பொருள். இன்று நகலில் "உண்மை நகல்" என்று முத்திரை குத்துகிறோம் அல்லவா, பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசி அதைக் கல்லில் செய்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தத் துண்டுக் கற்கள் போய்விட்டன. படி இருக்கிறது. எந்தக் காலத்திலோ எந்த அரசன் ஆட்சியிலோ யாரோ ஏற்றி வைத்த விளக்குகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, அவர்களோடு எந்த உறவும் இல்லாத இந்த அம்மையாரின் சுவர்தான்.

அதனால்தான் திருப்பணி என்ற பெயரில் சுவரைப் பாழாக்குவதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. பல கோயில்களில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துக் கல்லைச் "சுத்தம்" செய்தார்கள். அழுக்கோடு எழுத்தின் விளிம்பும் போயிற்று. எழுத்தின் மேலேயே கனமாக வண்ணம் பூசுவது, மின்சாரக் குழாய்க்காகக் குமுதத்தில் துளை போடுவது இன்றும் நடக்கிறது. செய்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அது பத்திரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுபடியும் அந்த "இவர்"

கோனேரிராஜபுரத்துக் கல்வெட்டை இப்போது திரும்பப் படித்தால் வேறு மாதிரி கேட்கும். என் மகன் உத்தம சோழன் அரசாளும் காலத்தில், "தம்முடையார் ஸ்ரீ கண்டராதித்த தேவர் திருநாமத்தால்" திருநல்லமுடையாருக்குத் திருக்கற்றளி எழுந்தருளுவித்து, அந்தக் கற்றளியிலேயே திருநல்லமுடையாரைத் திருவடி தொழுகிறவராக எழுந்தருளுவித்த கண்டராதித்த தேவர் இவர். சொல்வது இவ்வளவுதான். கோயிலைக் கட்டியது மனைவி, பெயர் கணவருக்கு. "தம்முடையார்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தன்னுடையவர். கணவர் இறந்து பல வருடம் ஆன பிறகும் அப்படித்தான் சொல்கிறார். அவர் தொழுதுகொண்டே இருக்கட்டும் என்று கல்லில் உட்கார வைத்துவிட்டார்.

இன்னொருவர் பெயரும் அந்தக் கோயிலில் இருக்கிறது. இந்தக் கற்றளி வேலையை முன்னின்று செய்வித்தவர், ஆலத்தூரைச் சேர்ந்த சாத்தன் குணபத்தன். அவருக்கு அரசகேசரி மூவேந்தவேளான் என்ற பட்டமும் கிடைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய கோயில்களில் வேலையைச் செய்வித்தவர் பெயர் தெரிவது அபூர்வம். பழங்கற்படி எடுக்கச் சொன்ன கையிடமிருந்து அதைத்தானே எதிர்பார்க்க வேண்டும்.

செம்பியன் மாதேவியின் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை இராசராசன். கணவரின் தம்பி பேரன். அவன் 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை முடித்தபோது விமானம் உச்சிவரை கல்லாகவே எழுந்தது. அங்கே அவன் வெட்டிய வாசகம் புகழ்பெற்றது: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி". அதைத் தொடர்ந்து நாம் கொடுத்தது, அக்கன் கொடுத்தது, நம் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறான். கொடுத்தவர் யாரானாலும் கல்லில் ஏற வேண்டும் என்ற இந்தப் பழக்கம் எந்த வீட்டில் கற்றது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரிய கோயில் முடிந்ததை இவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசிப் பணிகளில் ஒன்று திருவக்கரை, விழுப்புரம் மாவட்டம். அந்த ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்கள் அப்படியே கல்லாகி அங்கே கிடக்கின்றன. கல்மரப் பூங்கா என்று பலகை வைத்திருப்பார்கள். பட்டையும் வளையமும் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் கல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சந்திரமௌலீசுவரர் கோயில். ஒரே ஊரில் இரண்டையும் பார்க்கும்போது கூரையையும் கூட்டையும் போதிகையையும் கல்லாக்கிய தச்சர்கள் நினைவுக்கு வராமல் இருக்காது.

1019இல் இராசேந்திர சோழன் செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் இவருக்கே ஒரு படிமம் எடுத்து வைத்து, அதன் வழிபாட்டுக்குக் கொடையும் கொடுத்தான்.

நேரில் போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. உச்சி வெயிலில் கல்வெட்டு தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போங்கள். உள்ளே இருட்டாக இருந்தால் கைப்பேசி விளக்கை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள், எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அந்தக் காலத்து எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, மெய்யா உயிர்மெய்யா என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். தொடக்கத்தில் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று கிரந்தத்தில் இருக்கும், அதை ஒரு தடவை பழகிவிட்டால் எந்தக் கோயிலிலும் கல்வெட்டின் தலை எது என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கிருந்து விரலை வைக்காமல் கண்ணாலேயே வலப்பக்கம் நகருங்கள். க, ற, ள இந்த மூன்றும் அன்றைக்கும் இன்றைக்கும் ஓரளவு ஒரே சாயல்தான். திருக்கோடிகாவலில் என்றால் கல்வெட்டின் ஓரங்களையும் பாருங்கள். "பழங்கற்படி" என்ற சொல் கிடைத்தாலும் கிடைக்கும்.